கையடக்க மியூசிக் பிளேயர் வாங்குவது எப்படி: காது சொல்வதா, கை சொல்வதா?

என்னிடம் இரண்டு பிளேயர்கள் இருக்கின்றன. ஒன்று கிட்டத்தட்ட முந்நூறு கிராம் எடை, பெரிய தொடுதிரை, கண்ணாடி முதுகு. ஆன் செய்து பாட்டு வர முக்கால் நிமிடம் ஆகும். இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், தம்பூராவின் தந்தி ஒவ்வொன்றும் மீட்டப்படுவது தனித்தனியாகக் கேட்கும். இன்னொன்று தீப்பெட்டி அளவு. ஐந்து பட்டன், ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். பெரியது வாங்கிய ஆறாவது மாதம் இழுப்பறைக்குள் போனது. போன வருடம் எடுத்துப் பார்த்தபோது பேட்டரி உப்பிக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சின்னது இன்றும் சட்டைப் பையில் இருக்கிறது.

இரண்டையும் வைத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஒலித்தரத்தில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதைத் தாண்டிவிட்ட பிளேயர்களுக்குள் காதுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. அந்தக் கோடும் நாம் நினைப்பதைவிடக் குறைந்த விலையிலேயே வந்துவிடுகிறது. கைவசதி அப்படியில்லை. அதில் ஒரு பிளேயருக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே ஒலிக்கான பரீட்சைகளை முதலில் வைத்து, அதில் தேறியவற்றுள் கைக்கு வாகானதை எடுங்கள். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: தனிப் பிளேயர் தேவையா என்று பாருங்கள்

நீங்கள் கேட்பதெல்லாம் ஸ்ட்ரீமிங் செயலியில், அதுவும் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் என்றால், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ப்ளூடூத்தில் கேட்கும்போது டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலை முழுவதும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே நடக்கிறது. பிளேயருக்குள் எவ்வளவு உயர்ந்த சிப் இருந்தாலும் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும். பிளேயர் எந்த கோடெக்கில், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் எந்த முறையில், அனுப்புகிறது என்பது மட்டுமே கணக்கு. சோனியின் எல்டாக் என்ற கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். அது இன்றைய நிறைய ஆண்ட்ராய்டு போன்களிலேயே இருக்கிறது.

வயர் இயர்போன்தான் பிடிக்கும், ஆனால் போனில் துளை இல்லை என்பவர்களுக்கு, சார்ஜ் துளையில் செருகி இயர்போனை மாட்டும் சின்ன டாங்கிள் ஒன்று போதும். 2016-ல் ஐபோன் 7 ஹெட்ஃபோன் துளையை எடுத்துவிட்ட பிறகு சந்தையில் டாங்கிள்கள் பெருகிவிட்டன. அவற்றில் நல்லவை அளவீட்டில் விலையுயர்ந்த பிளேயர்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆண்ட்ராய்டு போன் பாட்டின் ஒலியை வழியில் தன் வசதிக்கு மாற்றிவிடுகிறதே என்ற பழைய குறைக்கும், ஆண்ட்ராய்டு 14 முதல் யுஎஸ்பி வழியாக மாற்றாமல் அனுப்பும் வழி சேர்க்கப்பட்டிருக்கிறது. செயலியும் அதை ஆதரிக்க வேண்டும்.

அப்புறம் யாருக்குத்தான் தனிப் பிளேயர்? சொந்தமாக ஃபைல்கள் சேர்த்து வைத்திருப்பவருக்கு, போன் பேட்டரியைப் பாட்டுக்குச் செலவிட விரும்பாதவருக்கு, பாட்டுக்கு நடுவே வாட்ஸ்அப் மணி அடிக்கக் கூடாது என்று நினைப்பவருக்கு. எனக்கு மூன்றாவதுதான் முக்கியக் காரணம். ஒரு ஆலாபனையை முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் போன் வேறு அறையில் இருக்க வேண்டும்.

படி 2: எங்கே கேட்பீர்கள் என்று எழுதுங்கள்

நிஜமாகவே ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் ரயிலில், எத்தனை மணி நேரம் நடைப்பயிற்சியில், எத்தனை மணி நேரம் வீட்டில். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பவருக்கு, உயர்ந்த பிளேயர் கூடுதலாகத் தரும் நுணுக்கம் எதுவும் சக்கரச் சத்தத்தைத் தாண்டிக் காதுக்கு வராது. அங்கே ஒலித்தரத்தைத் தீர்மானிப்பது இயர்போனின் ரப்பர் முனை. சரியான அளவு முனை காதில் இறுக்கமாக உட்கார்ந்தால் வெளிச்சத்தம் அடைபடும், பேஸ் எழும்பும். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பார்க்காமல் புதிய பிளேயர் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

படி 3: ஃபைல்களைச் சோதியுங்கள்

நம் ஊரில் ஒலித்தரம் கெடுவது பெரும்பாலும் பிளேயரில் இல்லை, ஃபைலில். இருபது வருடமாகக் கை மாறிக் கை மாறி வந்த எம்பி3 தொகுப்பு நம்மில் பலரிடம் இருக்கிறது. 320 (நொடிக்கு 320 கிலோபிட்) என்று பெயர் போட்டிருக்கும் பாட்டு, உண்மையில் 128-ல் இருந்ததை யாரோ பெரிதாக்கியதாக இருக்கும். ஃபைல் பெரிதாகும், தொலைந்த ஒலி திரும்பாது.

கண்டுபிடிக்க ஸ்பெக் என்றொரு இலவச மென்பொருள் போதும். பாட்டை அதில் இழுத்துப் போட்டால் வண்ணப் படம் ஒன்று வரும். கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண். 128-ல் சுருக்கிய பாட்டின் மேற்பகுதி 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக முடியும். உண்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும். குறுந்தகட்டிலிருந்து எடுத்தது 22-ஐத் தொடலாம். ஒரு எச்சரிக்கை: எழுபதுகளின் டேப் பதிவுகளில் இயல்பாகவே உயர் அதிர்வெண் குறைவு. ஆனால் அவற்றில் படம் புகைபோல் மெல்ல மங்கும், வெட்டுக்கோடு இருக்காது. அந்த வித்தியாசம் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

வீட்டில் பழைய ஆடியோ சிடிக்கள் இருந்தால் அவைதான் புதையல். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் ஃப்ளாக் வடிவத்தில் எடுங்கள். சிடியின் ஒலி நொடிக்கு 1411 கிலோபிட். நான்கு நிமிடப் பாட்டு 42 எம்பி வரும். ஃப்ளாக் அதை ஒரு துளிகூட இழக்காமல் சுமார் 25 முதல் 30 எம்பிக்குள் அடக்கும். அதே பாட்டு 320 எம்பி3-யில் 9.6 எம்பி. 128 ஜிபி மெமரி கார்டில் ஃப்ளாக் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு பாட்டு, 320 என்றால் பதின்மூன்றாயிரம். உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிடும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற பெரிய எண்களுக்காகக் காசு கொடுக்காதீர்கள். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, வயது ஏற ஏற அதுவும் குறையும். சிடி ஒலியை நொடிக்கு 44,100 முறை (44.1 கிலோஹெர்ட்ஸ்) அளக்கிறது, அதில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி அதிலேயே பதிந்துவிடும். நல்ல பதிவு சிடி தரத்திலேயே நன்றாக இருக்கும்.

படி 4: இயர்போனை வைத்துப் பிளேயரின் எண்களைப் படியுங்கள்

இயர்போனை முதலில் முடிவு செய்யுங்கள், பிளேயர் அதற்குப் பிறகு. ஒலியின் குணத்தில் பெரும்பகுதியை நிர்ணயிப்பது இயர்போன்தான், பட்ஜெட்டிலும் பெரிய பங்கு அதற்குத்தான் போக வேண்டும். பிளேயரின் விவரப் பட்டியலில் இருபது எண்கள் இருக்கும். மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

முதலாவது, சக்தி. காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்றின் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 90 டெசிபெல் சத்தமாகக் கேட்க அதற்குத் தேவை ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. பிளேயர் 500 மில்லிவாட் தரும் என்ற விளம்பரம் இந்த இயர்போனுக்கு எந்தப் பயனும் தராது. பெரிய ஹெட்ஃபோனுக்குக் கதை வேறு. சென்ஹைசரின் எச்டி 600, 650 போன்றவற்றின் மின்தடை 300 ஓம். ஒரு வோல்ட் தரும் பிளேயர் 32 ஓம் இயர்போனுக்கு 31 மில்லிவாட் கொடுக்கும், 300 ஓமுக்கு 3.3 மட்டுமே. அந்த மாதிரி ஹெட்ஃபோன் வைத்திருப்பவர் இரண்டு வோல்ட் தரும் பிளேயரைத் தேடுவது நல்லது. இடது, வலது காதுக்குத் தனித்தனி வயரில் ஒலி அனுப்பும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையால் கூடுதல் வோல்ட் கிடைக்கும். சாதாரண இயர்போனுக்கு அது தேவையே இல்லை.

இரண்டாவது, வெளியீட்டு மின்தடை, அதாவது பிளேயரின் ஹெட்ஃபோன் துளைப் பக்கம் உள்ள மின்தடை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒலியை நிஜமாகவே மாற்றிவிடக்கூடியதும் இதுதான். ஒரே இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் சின்ன ட்ரைவர்கள் பல இருந்தால் அதன் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது. ஓரிடத்தில் 40 ஓம், வேறிடத்தில் 8 ஓம் என்று வையுங்கள். பிளேயரின் வெளியீட்டு மின்தடை 10 ஓம் என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபெல் ஏற்றத்தாழ்வு புதிதாக முளைக்கும். புல்லாங்குழல் தூக்கலாகி, குரல் மங்கியதுபோல் இருக்கலாம். அதே இயர்போனை 1 ஓம் பிளேயரில் போட்டால் ஏற்றத்தாழ்வு ஒரு டெசிபெலுக்கும் கீழே. பொதுக் கணக்கு: இயர்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் பிளேயருடையது இருக்க வேண்டும். 1 ஓம் அல்லது அதற்கும் கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மூன்றாவதை எந்தப் பட்டியலும் சரியாகச் சொல்லாது. சத்தமில்லாத அறையில் இயர்போனைச் செருகி, பாட்டைத் தொடங்கி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். மெல்லிய இரைச்சல் ஸ்ஸ் என்று வருகிறதா? உணர்திறன் மிகுந்த இயர்போனில் வரும் வாய்ப்பு அதிகம். கூடவே வால்யூமின் முதல் படியையும் பாருங்கள். சில பிளேயர்களில் மொத்தமே முப்பது படிதான். ராத்திரி பதினொரு மணிக்கு முதல் படியே கத்தும். நூறு படி இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த மூன்றும் தேறினால் ஒலி விஷயத்தில் வேலை முடிந்தது. எந்த சிப், எத்தனை சிப் என்ற விவாதத்துக்குள் போக வேண்டாம்.

படி 5: கைக்கு வாகானதா என்று பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 2000-லேயே கிரியேட்டிவ் நிறுவனத்தின் நோமாட் ஜூக்பாக்ஸ் 6 ஜிபி ஹார்ட் டிஸ்குடன் வந்துவிட்டது. அடுத்த வருடம் அக்டோபரில் வந்த ஐபாடில் இருந்தது 5 ஜிபிதான். ஆனால் முதலாவது சிடி பிளேயர் அளவு. இரண்டாவது சட்டைப் பைக்குள் போகும், கட்டை விரலால் சக்கரத்தைச் சுற்றினால் ஆயிரம் பாட்டில் வேண்டியது வந்து நிற்கும். எது வென்றது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் சோதனை: பிளேயரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பார்க்காமல், பாட்டை நிறுத்துங்கள், அடுத்த பாட்டுக்குப் போங்கள், சத்தத்தைக் குறையுங்கள். மூன்றும் விரல் தடவியே முடிய வேண்டும். பக்கவாட்டில் ஒரே மாதிரி நான்கு பட்டன் வரிசையாக இருந்தால் விரல் குழம்பும். ஒன்றில் மேடு, ஒன்றில் பள்ளம், அல்லது சுழலும் குமிழ் என்று இருந்தால் இரண்டே நாளில் பழகிவிடும். திரை அணைந்திருக்கும்போதும் பட்டன்கள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். சிலவற்றில் அதற்கு அமைப்புகளுக்குள் போய்த் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சோதனை நமக்கே உரியது: தமிழ் எழுத்து. சின்னப் பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது, பாட்டின் பெயர் வெறும் கட்டங்களாக வரும். எழுத்துரு இருந்தாலும் கொம்பும் காலும் சேர்வதில் சொதப்பும். ‘கொ’ என்று காட்ட வேண்டுமென்றால் ககரத்துக்கு முன்னால் கொம்பையும் பின்னால் காலையும் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத பிளேயர் ககரத்தைத் தனியாகவும், புள்ளி வட்டத்தைச் சுற்றிக் கொம்பையும் காலையும் தனியாகவும் காட்டும். என் சோதனை கார்டில் ‘கொக்கு மேகம் பௌர்ணமி’ என்று பெயரிட்ட ஒரு ஃபைல் எப்போதும் இருக்கும். அந்த ஒரு வரி சரியாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. சொந்த மென்பொருளில் ஓடும் சின்னவற்றில்தான் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி இல்லாமல் ஓடுவது. கச்சேரி சிடிக்களில் ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை அடுத்த ட்ராக் என்று வெட்டியிருப்பார்கள். உள்ளே ஒலி தொடர்ச்சியாகத்தான் ஓடும். எம்பி3-யாக மாற்றும்போது ஒவ்வொரு ட்ராக்கின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பையும் நல்ல மென்பொருள் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து மௌனத்தை வெட்டிவிடும் பிளேயரும் உண்டு, படிக்காததும் உண்டு. படிக்காததில் கேட்டால், ட்ராக் மாறும் ஒவ்வொரு முறையும் தம்பூராவின் தந்தியை யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் இருக்கும். ஃப்ளாக் ஃபைலில் அந்த மௌனமே கிடையாது. அதிலும் அடுத்த ஃபைலைத் திறக்கத் திணறும் பிளேயர்கள் உண்டு. சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது பொருட்டில்லை. கச்சேரி கேட்பவருக்கு இதில் தோற்ற பிளேயர் வேண்டவே வேண்டாம்.

நான்காவது, விட்ட இடத்தில் தொடர்வது. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவி, இரண்டு மணி நேர உபன்யாசம். பாதியில் அணைத்துவிட்டு மறுநாள் ஆன் செய்தால் அதே இடத்தில் தொடங்க வேண்டும். நீண்ட ஃபைலில் தனி ஆவர்த்தனம் வரும் இடத்துக்கு ஓட்டிப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் வேகம் கூடிக்கொண்டே போவது நல்ல பிளேயர். ஒரே வேகத்தில் ஊர்வதில் ஐம்பதாவது நிமிடத்துக்குப் போக விரல் வலித்துவிடும்.

கடைசியாக, ஃபோல்டர் வழியாகத் தேடும் வசதி இருந்தே ஆக வேண்டும். நம் பாட்டு ஃபைல்களுக்குள் இருக்கும் விவரங்கள் அப்படி. இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், பிளேயர் அவரை நான்கு ஆளாகப் பிரித்துக் காட்டும். ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எந்த இணையதளத்திலிருந்தோ ஒட்டிய விளம்பரம் இருக்கும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஐந்நூறு பாட்டைச் சீர்செய்துவிடலாம். செய்யும்வரை ஃபோல்டர்தான் துணை.

படி 6: எந்த வகை என்று முடிவெடுங்கள்

இப்போது சந்தையில் இருப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். சோனியின் என்டபிள்யூ-ஏ306 போன்றவை ஆண்ட்ராய்டு வகை. ஸ்ட்ரீமிங் செயலி ஓடும், தமிழ் அழகாகத் தெரியும். போனின் சங்கடங்களும் கூடவே வரும்: ஆன் ஆக நேரம், பேட்டரி தீரும் வேகம், சில வருடம் கழித்துப் புதிய செயலிகள் ஓடாமல் போவது. இரண்டாவது வகை, ஹைபி, ஷான்லிங், ஃபியோ போன்ற நிறுவனங்கள் விற்கும் சின்னப் பிளேயர்கள். சொந்த மென்பொருள், சில நொடியில் ஆன், குறைந்த எடை. ஃபைல் வைத்துக் கேட்பவருக்கு என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான், படி 5-ல் தேறினால்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கொஞ்சம் கை வேலை தெரிந்தவர்களுக்கு. ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாடை நிறுத்திவிட்டது. ஆனால் பழைய ஐபாட் வீடியோ, கிளாசிக் இன்னும் கை மாறுகின்றன. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அதில் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஃப்ளாக் ஓடும், இடைவெளி இல்லாத ஓட்டம் கிடைக்கும், ஐட்யூன்ஸ் இல்லாமலே ஃபைலை இழுத்துப் போடலாம். தமிழ் எழுத்தை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டுவதில் மட்டும் அதை நம்பாதீர்கள். நான் ஃபோல்டர்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துச் சமாளித்தேன்.

படி 7: வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று வாங்கும் முன்பே பாருங்கள், அதற்குள் எல்லாச் சோதனையையும் முடியுங்கள். ஒரு சோதனை கார்டு தயார் செய்யுங்கள்: தமிழ்ப் பெயருள்ள ஃபைல், தொடர்ச்சியான இரண்டு கச்சேரி ட்ராக், ஒரு மணி நேர ஃபைல், எம்பி3, ஃப்ளாக், எம்4ஏ ஒவ்வொன்று, அப்புறம் உங்கள் முழுத் தொகுப்பு. ஐயாயிரம் பாட்டைச் சேர்த்த பிறகு பட்டியல் நகர்வது தடுமாறுகிறதா என்பதும் தெரிய வேண்டும்.

மெமரி கார்டையே முதலில் சோதியுங்கள். பெட்டியில் 256 என்று அச்சிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகள் நிறையப் புழங்குகின்றன. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். சில மணி நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம்.

பழைய பிளேயரோடு புதியதை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதும் மேலானதாகத் தோன்றும். மில்லிவோல்ட் அளவில் ஏசி காட்டும் மல்டிமீட்டர் இருந்தால், 100 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே அதிர்வெண்ணில் சீராக ஒலிக்கும் ஃபைல்) இரண்டிலும் ஓட்டி, இயர்போன் செருகிய நிலையில் ஒரே எண் வரும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைப் பிளேயரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, நீங்கள் பார்க்காமல் எது எது என்று பத்து முறை சொல்லுங்கள். ஒன்பது முறையாவது சரியாக வந்தால்தான் நிஜமாகவே வித்தியாசம் கேட்கிறது என்று கொள்ளலாம். ஐந்தாறு என்றால் குருட்டாம்போக்கு. அப்போது விலை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானதும் இரண்டு அமைப்புகளைப் போட்டுவிடுங்கள். வால்யூமின் உச்ச வரம்பைக் குறையுங்கள்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். தானாக அணையும் நேரத்தை அரை மணியாக வையுங்கள். சில வாரம் தொடாமல் வைக்க நேர்ந்தால் பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். என் இழுப்பறையில் உப்பிப்போனதை நான் முழு சார்ஜில் வைத்து மறந்திருந்தேன்.